முன்சுவரில் ஒட்டிய கண்ணாடி

சிங்கப்பூர்
11.3.1962

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சிரம்பானில் நீங்களும் அம்மாவும் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். அம்மாவின் கண்ணுக்கு விடும் மருந்து முடிந்திருந்தால் எழுதுங்கள், இங்கே வாங்கி அனுப்புகிறேன்.

இந்த வருஷம் எனக்குத் தந்திருப்பது சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துப் பழைய கடைவீடுகளின் முன்சுவர்களைப் பார்வையிடும் வேலை. போன மாதம் ஒரு வீட்டின் நெற்றியிலிருந்து பூச்சுக் கட்டி பெயர்ந்து, கீழே ஐந்தடி நடைபாதையின் ஓரத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்தவரின் தோளில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் அலுவலகம் விழித்தது. தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பைனாகுலரால் ஒவ்வொரு வீட்டையும் கூரையிலிருந்து கீழே வரை பார்க்கிறேன். போகிறவர்கள் நான் யாரோ பெண்களைப் பார்க்கிறேன் என்று நினைத்து முறைக்கிறார்கள்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு வீடு மட்டும் மனதுக்குச் சரியாகப் படவில்லை. கீழே மிளகாய், மல்லி அரைக்கும் மில். மேலே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இடது பக்கத் தூணில் மாடி ஜன்னலிலிருந்து கூரை வரை ஒரு வெடிப்பு ஓடுகிறது. அது பழைய வெடிப்பா, இன்னும் நகர்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி அம்பிகைபாகன்

(இந்தத் தாள் உங்களுக்கு மட்டும், அக்கா. அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.)

அந்த வீட்டு மாடியில் இருப்பது நம்முடைய தம்பி சிவமணி. எனக்குத் தெரியாது. படியேறிக் கதவைத் தட்டினேன், அவன் திறந்தான். பிறகு அவன் கேட்டான்: "சாக்கடை கூட்டிறவன்ரை மகளைக் கட்டினவன்ரை வீட்டை அண்ணை என்ன அலுவலா வந்தனீங்கள்?"

நாலு வருஷத்துக்கு முன்னால் பூவம்மாவைக் கட்டப்போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது அம்மா சொன்ன சொல் அது. ஒரு எழுத்துக் குறையாமல் வைத்திருக்கிறான். நான் அன்றைக்குப் பேசாமல் இருந்தேன் என்பதையும் வைத்திருப்பான்.

"சுவர் பாக்க வந்தனான்" என்றேன். "பாத்திட்டுப் போங்கோ" என்று வழிவிட்டான். முன்னறையில் பூவம்மா தையல் மெஷினில் இருந்தாள். எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. அவள் காலடியில் ஒரு பெண் குழந்தை துணித்துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. அக்கா, உங்களுக்கு ஒரு மருமகள் இருக்கிறாள்.

*

சிரம்பான்
20.3.1962

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்குக் கண் பார்வை முன்னைப்போலத்தான், வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. மருந்து இங்கேயே கிடைக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னா.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சுவரை உடைக்காமல் உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எப்பிடிப் பாப்பான்?" என்று கேட்டா. அதற்குப் பதில் எழுது.

மற்ற விஷயம். நீ அரசாங்க உத்தியோகத்தன். சொந்தத் தம்பி இருக்கிற வீட்டை நீ பார்வையிடுவது நல்லதல்ல. நல்லதென்று எழுதினாலும் கதை வரும், கெட்டதென்று எழுதினாலும் கதை வரும். வேறு ஆளிடம் மாற்றிக் கொடுத்துவிடு.

குழந்தைக்கு என்ன பெயர்? என்ன வயசு? யாருடைய சாயல்?

அன்புடன்,
அக்கா இரஞ்சிதம்

*

சிங்கப்பூர்
8.4.1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. இங்கே பின்னேரங்களில் நல்ல மழை. அங்கும் அப்படித்தான் இருக்கும், அம்மாவை ஈரத்தில் நடக்க விடாதேயுங்கள்.

அம்மா கேட்டதற்குப் பதில். மரச்சுத்தியலால் பூச்சை மெல்லத் தட்டுவோம். சுவரோடு ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாகக் கேட்கும். விட்டுப்போன இடம் வெறும் பானையைத் தட்டியது போலக் கேட்கும். கூரையோரத்திலிருந்து தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டு, சுவர் முன்னுக்குச் சாய்கிறதா என்று அளப்போம். வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிக் கீற்றை வைத்து இரண்டு முனையிலும் சாந்து பூசி ஒட்டிவிடுவோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி வெடித்துவிடும். வெடிக்காவிட்டால் சுவர் அசையவில்லை என்று அர்த்தம். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

தூணைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தால் என்ன என்று எங்கள் இஞ்சினியரே கேட்டார். அந்தத் தூணில்தான் மாடியின் முன் உத்தரம் ஏறி நிற்கிறது. மழைநீர்க் குழாயையும் அந்தக் காலத்தில் தூணுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். குழாய் ஒழுகி உள்ளே செங்கல் இளகியிருந்தால், பூச்சுத்தான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். கொத்தினால் நாமே வீட்டைத் தள்ளினவர்கள் ஆவோம். அதனால் மேலே முன்னறையில், வெடிப்பு உள்ளே தெரியும் இடத்தில், மூன்று கண்ணாடி ஒட்டியிருக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி
அம்பிகைபாகன்

(உங்களுக்கு மட்டும்.)

வேறு ஆளிடம் மாற்றச் சொன்னீர்கள். யோசித்தேன். என் இடத்தில் வரக்கூடிய இருவரையும் எனக்குத் தெரியும். ஒருவர் தெருவில் நின்றபடியே ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார். மற்றவர் பயந்து அன்றைக்கே வீட்டைப் பூட்டச் சொல்வார். இரண்டுமே சிவமணிக்கு நல்லதில்லை. இஞ்சினியரிடம் மட்டும், அங்கே இருப்பது என் தம்பி என்று சொல்லிவிட்டேன். "சுவருக்கு அது தெரியாது, நீ போய்ப் பார்" என்றார்.

குழந்தையின் பெயர் தங்கம். மூன்று வயசு ஆகவில்லை. நெற்றியும் புருவமும் நம்முடையவை. வாய் அவள் தாயுடையது. கண்ணாடி ஒட்டும்போது பக்கத்தில் வந்து நின்று, "இது என்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

சிவமணி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "உடைச்சுப் பாத்து ஒரே நாளிலை முடிவைச் சொல்லுங்கோ அண்ணை. இப்பிடிக் கிழமைக்குக் கிழமை வந்து என்ரை வீட்டுக்குள்ளை நிக்க வேண்டாம்" என்றான். பூவம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

*

சிரம்பான்
23.4.1962

அன்புத் தம்பி,

கடிதம் கண்டு சந்தோஷம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

அம்மா இப்போது தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசல் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறா. உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா. நேற்றுச் சாப்பிடும்போது திடீரென்று, "அந்த வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருந்தா முன்னறையிலை படுக்க விட வேண்டாம் எண்டு அவனை எழுதச் சொல்லு" என்றா. கீழே மில்லுக்காரர் பிள்ளைகளை நினைத்துச் சொன்னாவோ என்னவோ, நீ சொல்லிவிடு.

பூவம்மா என்னோடு ஒரு நாள் பேசினாள் தெரியுமா? கலியாணத்துக்கு முந்தி, கோயிலில் வைத்து. "அக்கா, உங்க அம்மா சம்மதிச்சா நான் எல்லாத்தையும் கத்துக்கிடுவேன்" என்றாள். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இதை இத்தனை நாள் உனக்கும் எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா

*

சிங்கப்பூர்
15.7.1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஜூன் மாதம் எழுத முடியாமல் போனதற்கு மன்னியுங்கள். மழைக்காலம் வருமுன் முடிக்க வேண்டும் என்று தெருத்தெருவாக ஏணியும் கையுமாக அலைகிறோம். வெயிலில் நான் கறுத்துப் போனதை அம்மா பார்த்தால் அடையாளம் தெரியாது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: டன்லப் ஸ்ட்ரீட் வீட்டில் கண்ணாடிகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. "நிலையாக உள்ளது" என்று இரண்டு அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டு விட்டேன். குழந்தையை முன்னறையில் படுக்க வைக்க வேண்டாம் என்று சொன்னேன். பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள்.

தங்கள் தம்பி
அம்பிகைபாகன்

(உங்களுக்கு மட்டும்.)

போன ஞாயிறு அங்கே சாப்பிட்டேன். பூவம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். சிவமணி முதலில் பேப்பர் வாசித்தபடி இருந்தான். பிறகு, நாங்கள் சின்ன வயசில் ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரையில் ஏறி அப்பாவிடம் அடி வாங்கிய கதையை அவனே எடுத்தான். சிரித்தான் அக்கா. பூவம்மா அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று அவன் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கம் இப்போது என்னைக் "கண்ணாடிப் பெரியப்பா" என்கிறது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் தூணின் தலைப்பக்கம் முன்னைவிடச் சற்று வெளியே வந்தது போலத் தெரிகிறது. காற்று என்று நினைத்து மறுபடி பார்த்தேன். மறுபடியும் அப்படியே. ஆனால் சுவர் அசைந்திருந்தால் கண்ணாடி வெடித்திருக்க வேண்டுமே. நூலில்தான் பிழை என்று விட்டுவிட்டேன்.

*

சிரம்பான்
24.9.1962

தம்பி,

இரண்டு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறா. உன்னைப் பற்றி ஒரு தரம், அந்த வீட்டைப் பற்றி இரண்டு தரம். நாலு வரியாவது எழுது.

அக்கா

*

சிங்கப்பூர்
21.10.1962

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். மனம்தான் சரியில்லை. இந்தக் கடிதத்தில் அம்மாவுக்கு வாசிக்க ஒன்றுமில்லை. தீபாவளிக்கு ஆசீர்வாதம் கேட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்த நூலில் பிழை இல்லை. ஆகஸ்ட், செப்டம்பர் என்று ஒவ்வொரு தரமும் தூண் முன்னுக்கு வந்துகொண்டே இருந்தது. தட்டினால் வெறும் பானைச் சத்தம் ஜன்னல் வரைக்கும் இறங்கிவிட்டது. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் தூண் காயவில்லை. கண்ணாடி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன். சிவமணி வேலைக்குப் போயிருந்தான். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது, தரை அதிர்ந்தது. ஜன்னல் பக்கம் குனிந்து கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தேன். நான் ஒட்டியது பழைய ஜன்னல் கண்ணாடியில் வெட்டியது. அதன் விளிம்பு பச்சையாக இருக்கும். இது வெள்ளை விளிம்பு. படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக் கண்ணாடி. மூன்றுமே அப்படித்தான்.

திரும்பினேன். பூவம்மா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளிச் சட்டைகள் அறை முழுக்கக் கிடந்தன.

"இதை ஆர் மாத்தினது?" என்றேன்.

"நாந்தான்" என்றாள். "மே மாசமே ஒண்ணு வெடிச்சிருச்சு. படக்கடைல வெட்டிக் கேட்டு வாங்கினேன். சாந்து, வேலைக்கு வந்த ஆள்கிட்ட கொஞ்சம் வாங்கி வச்சுக்கிட்டேன். அப்புறம் மத்ததும் வெடிச்சுது. அவருக்குத் தெரியாது."

"எத்தினை தரம்?"

"எண்ணல."

"பூவம்மா, பிள்ளையை இதுக்குப் பக்கத்திலை வைச்சுக்கொண்டே இதைச் செய்தனீர்?"

"வீட்ட மூடிட்டா எங்க போறது? அரசாங்க அடுக்குமாடிக்கு எழுதிப் போட்டு நம்பர் வரல. எங்கப்பா வீட்டுக்குப் போனா அவரு ஒரு நா இருப்பாரா? எனக்குத் தைக்கக் குடுக்கிறவங்க எல்லாம் இந்தத் தெருதான்." அவ்வளவும் தரையைப் பார்த்துச் சொன்னவள், பிறகு நிமிர்ந்தாள். "அதுவும் இல்லாம, நீங்க வர்றதே செவுரப் பாக்கத்தான், அத்தான். செவுரு ஆகாதுன்னு எழுதிட்டா நீங்களும் வர மாட்டீங்க. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு மட்டுந்தான் அவரு நல்லாத் தூங்குறாரு."

இதுவரை அவள் என்னை அத்தான் என்று கூப்பிட்டதில்லை. ஐயா என்பாள். நான் அங்கே கிடந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்பட வேண்டிய இடம்தான். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

மறுநாள் இஞ்சினியர் முன்னால் நின்று, என் முன் அறிக்கைகள் பிழை, அளவைக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்றேன். கண்ணாடி மாறின கதையைச் சொல்லவில்லை. சொன்னால் அது குற்றம், அவள்மேல் வழக்கு வரும். "உன்னிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை" என்றார். மில்லை அன்றே நிறுத்தினோம். நடைபாதையைக் கயிறு கட்டி மறித்தோம். மாடியைக் காலி செய்ய நோட்டீஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சிவமணி வாசித்தான். "ஜூலையிலை நல்ல சுவர், ஒக்டோபரிலை கெட்ட சுவரோ? வந்து வந்து சாப்பிட்டு, சிரிச்சுக் கதைச்சு, கடைசியிலை இதுக்குத்தானோ? அம்மா சொல்லி அனுப்பினவவோ?" என்றான். பூவம்மா வாய் திறக்கப் போனாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். சொன்னால் அவன் அந்த இடத்திலேயே அவளை என்ன செய்திருப்பான் என்று தெரியாது. "அண்ணை, இனி இந்தப் படியேற வேண்டாம். பொலிசைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அப்ப பாப்பம்" என்று கதவைச் சாத்தினான்.

இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நோட்டீஸுக்கு நவம்பர் நடு வரை தவணை. மழை அதற்கு முன்னால் வந்துவிடும். தினமும் வேலை முடிந்து போய்த் தெருவின் எதிரில் நின்று அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வருகிறேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அக்கா.

தம்பி
அம்பிகைபாகன்

*

சிரம்பான்
25.10.1962

என் அன்புத் தம்பி,

இன்றுதான் உன் கடிதம் வந்தது. உடனே எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மார்ச்சில் உன் முதல் கடிதத்தை வாசித்து முடித்து மடிக்கும்போது, "இன்னொரு தாள் இருக்கு, சத்தம் கேட்டது. அதையும் வாசி" என்றா. நான் மழுப்பினேன். "கண்தான் பிள்ளை தெரியேல்லை, காது கேக்குது" என்றா. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளையும் வாசித்துத்தான் வந்தேன். உனக்கு எழுத வேண்டாம் என்று தடுத்ததும் அவதான். "எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் அவன் எழுத மாட்டான்" என்றா. குழந்தையை முன்னறையில் படுக்க விட வேண்டாம் என்றது மில்லுக்காரர் பிள்ளையை நினைத்து அல்ல.

இன்றைய கடிதத்தைக் கேட்டு முடித்ததும் பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னா. தீபாவளி முடிந்து, எனக்கு லீவு கிடைத்ததும் ரயில் ஏறுகிறோம். தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்கு வா. சிவமணியிடம் ஒன்றும் சொல்லாதே.

அக்கா

*

சிரம்பான்
18.11.1962

அன்புத் தம்பி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அம்மா இல்லாமல் இந்த வீட்டில் நான் இருந்ததே இல்லை.

ஸ்டேஷனில் அவசரத்தில் உன்னிடம் முழுக்கச் சொல்ல முடியவில்லை. சிவமணி தடுத்திருந்ததால் நீ பின்சந்திலேயே நின்றுவிட்டாய். மேலே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

அந்தப் பின்பக்கத்துச் சுற்று இரும்புப் படியில் அம்மா ஒவ்வொரு தட்டையும் கையால் தடவித் தடவித்தான் ஏறினா. நான் பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பின்கதவைத் திறந்தது பூவம்மா. எங்களைக் கண்டதும் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. "சிவமணி எங்கை?" என்று கேட்டா அம்மா. அவன் உள்ளேயிருந்து வந்தான். வந்தவன் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான்.

அம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "வெளிக்கிடு. அண்ணன் பொய் எழுத மாட்டான்" என்றா.

"அண்ணைதான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவரோ?"

"அவன் கீழை நிக்கிறான். நீ ஏற வேண்டாம் எண்டு சொன்னதாலை நிக்கிறான்."

சிவமணி கேட்டான்: "நாலு வருசம் எங்கையம்மா இருந்தனீங்கள்?"

"சிரம்பானிலை இருந்தன். கோவத்தோடை இருந்தன். இப்ப அதுக்கு நேரமில்லை."

"வெளிக்கிட்டு எங்கை போறது? அண்ணை வீட்டுக்கு நான் போக மாட்டன். இவளின்ரை அப்பாவின்ரை லைன் வீடுதான் இருக்கு. மாநகராட்சி ஆக்கள் இருக்கிற லைன். ஒரு அறை. நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போற இடம்."

"நானும் அங்கைதான் வாறன்."

"அம்மா, விசர்க் கதை கதைக்காதேங்கோ."

"நீ இஞ்சை இருந்தால் இஞ்சை இருப்பன். அங்கை போனால் அங்கை வருவன். உனக்கு எது வசதி எண்டு நீயே சொல்லு." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டா. அந்த முன்சுவருக்குப் பத்தடி தூரத்தில், தம்பி. நான் எழுப்பப் போனேன், கையைத் தட்டிவிட்டா.

அந்த நேரம் தங்கம் வந்து, "இந்தப் பாட்டிக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்டது. சிவமணி உள்ளே போனான். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அம்மா அழுதா. சத்தம் இல்லாமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

தையல் மெஷினை முதலில் இறக்கினதை நீ கீழிருந்து பார்த்தாய். அதற்கு முன்னால் அம்மா பூவம்மாவைக் கிட்டக் கூப்பிட்டு, "பிள்ளை, கண்ணாடிக் கதையை நீயேதான் அவனுக்குச் சொல்ல வேணும். நான் சொல்ல மாட்டன், மூத்தவனும் சொல்ல மாட்டான்" என்றா. பூவம்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

லைன் வீட்டில் இரண்டு நாள் நானும் இருந்தேன். பூவம்மாவின் தகப்பன் மருதப்பன் தன் கட்டிலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வெளியே படுத்தார். அம்மாவைச் "சம்பந்தி" என்று கூப்பிட வாய் வராமல் "பெரியம்மா" என்றார். அம்மா முதல் நாள் தேத்தண்ணீர் மட்டும் குடித்தா. இரண்டாம் நாள் சோறு சாப்பிட்டா.

அங்கே போய் அம்மாவைப் பார். மருந்தைக் கொடுக்க மறக்காதே.

அக்கா இரஞ்சிதம்

*

தந்தி
சிங்கப்பூர், 12.12.1962

டன்லப் ஸ்ட்ரீட் முன்சுவர் இன்று மழையில் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கடிதம் பின்னால். அம்பிகை.

*

சிங்கப்பூர்
20.1.1963

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்று எழுதும்போதே எனக்கு என்னவோ செய்கிறது. பொங்கலுக்கு நீங்கள் வராதது எல்லோருக்கும் குறை.

சுவர் விழுந்த அன்று நான் அங்கே இருந்தேன். முட்டுக்கொடுக்க மரம் வந்து இறங்கியிருந்தது, மழையில் ஆட்களை ஏற்ற நான் விடவில்லை. மத்தியானம் பெரிய சத்தம் ஒன்றும் இல்லாமல், ஒரு மூட்டையை இறக்குவது போல அந்தத் தூண் உட்கார்ந்தது. பின்னாலேயே முன் உத்தரமும் முன்னறைத் தரையும் நடைபாதைமேல் வந்தன. மெஷின் இருந்த இடம், தங்கம் முன்பு படுத்த இடம், எல்லாம் கீழே செங்கல்லும் சேறுமாகக் கிடந்தது. குழாய் நான் நினைத்தது போலத்தான், துருப்பிடித்துச் சல்லடையாகி இருந்தது. மில்லுக்காரர் கோவிந்தசாமி நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து என்னை ஏசிக்கொண்டிருந்தவர், கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் பக்கத்தில் குடையில்லாமல் நின்றார். "நா அந்தத் தூணு ஓரமாத்தான் சார் உக்காந்து கணக்குப் பாப்பேன்" என்றார்.

விசாரணை நடந்தது. என் பழைய அறிக்கைகள் இரண்டும் மேசைமேல் இருந்தன. கவனக்குறைவு என்று எழுத்தில் கண்டித்திருக்கிறார்கள். பதவி உயர்வு இந்த முறை இல்லை. கேட்ட அன்று மனம் கசந்தது உண்மை. பத்து வருஷம் ஒரு சுவரையும் நான் பிழையாகச் சொன்னதில்லை.

அதற்கு மறுநாள் சிவமணி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். வாசலில் நின்றபடி, "பூவம்மா எல்லாம் சொன்னவள்" என்றான். நான் உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை? நான் உங்களை அப்பிடி எல்லாம் கதைச்சனான்."

"அவளை நீ ஏசியிருப்பாய்."

"ஏசியிருப்பன்தான்." கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "உங்கடை உத்தியோகம்?"

"இருக்கு. உயர்வுதான் இல்லை."

அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போடவில்லை. அவன்தான் என் தோளில் தலையைச் சாய்த்தான். முப்பத்திரண்டு வயசு ஆள், அக்கா. போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

இடிந்த வீட்டில் இருந்தவர்கள் என்பதால் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு சீக்கிரமே கிடைத்துவிட்டது. நாலாம் மாடி. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசனை. பூவம்மாவுக்குத்தான் தையல் கொடுக்க ஆளில்லை. பழைய தெருவுக்குப் பஸ் ஏறிப் போய்த் துணி வாங்கி வந்து தைக்கிறாள், திரும்பவும் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். முகம் வாடித்தான் இருக்கிறது. சிவமணி அவளோடு சில நாள் பேசாமல் இருந்தான், இப்போது பேசுகிறான்.

அம்மாவின் கண்ணை அவுட்ரம் ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒரு கண்ணில் அறுவை செய்தால் கொஞ்சம் தெரியும் என்கிறார்கள், முழு உறுதி சொல்லவில்லை. பங்குனியில் செய்யலாம். அதுவரை இங்கேயே இருக்கட்டும், நீங்கள் லீவில் வாருங்கள்.

அம்மா மாறிவிட்டா என்று எழுத மாட்டேன். குழம்பில் தேங்காய்ப்பால் குறைவு என்கிறா, தங்கம் பேசுகிற தமிழ் சரியில்லை என்கிறா. பூவம்மாவை "பிள்ளை" என்றும் "இஞ்சை பார்" என்றும்தான் கூப்பிடுகிறா. போன வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தபோது முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. "பூவம்மா, கொஞ்சம் தண்ணி தா" என்று. பூவம்மா அடுப்படியில்தான் இருந்தாள், எனக்கு அவள் முதுகு தெரிந்தது. செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்காதவள் போல அசையாமல் நின்றாள், அம்மா இன்னொரு தரம் கூப்பிடும் வரைக்கும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய அன்பும்.

தங்கள் தம்பி
அம்பிகைபாகன்